ஒற்றைப் பந்தும் ஐம்பது மீட்டர் கயிறும்: சாக்கியின் முறையை நெல்லைச் சீமை மைதானத்தில் பழக்குவது எப்படி

இருபத்திரண்டு பையன்கள், இரண்டு பந்து, அதிலும் ஒன்றில் காற்று நிற்காது. பள்ளி அணியோ ஊர் அணியோ, நம்ம பக்கம் கால்பந்து பழக்க வருகிறவருக்குக் கையில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். இந்த நிலைமைக்கு அளவெடுத்துத் தைத்தது போன்ற ஒரு முறை இருக்கிறது. அதை உண்டாக்கியவர் இத்தாலியப் பயிற்சியாளர் அரிகோ சாக்கி. அவருடைய பயிற்சியில் கணிசமான நேரத்துக்குப் பந்தே தேவைப்படாது.

சாக்கி தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. குடும்பத்துக் காலணித் தொழிலில் இருந்தவர். 1987-இல் ஏசி மிலான் கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்தார். முதல் பருவத்திலேயே இத்தாலிய லீக்கை வென்றார். 1989, 1990 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பை. 1989 அரையிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் ரியல் மாட்ரிட்டை 5–0, இறுதி ஆட்டத்தில் ஸ்டெயாவா புக்கரெஸ்டை 4–0 என்று அடித்த அணி அது. அந்த அணியில் டச்சு நட்சத்திரங்கள் வான் பாஸ்டனும் குலிட்டும் இருந்தார்கள் என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். ஆனால் நாம் எடுத்துக்கொள்ளப்போவது அவர்கள் காலில் இருந்த வித்தையை விட்டுவிட்டு, பதினொரு பேரும் நின்ற இடத்தை மட்டும்தான்.

அந்த இடத்தின் கணக்கு இது: கடைசி டிஃபென்டரிலிருந்து முன்னால் நிற்கும் ஃபார்வர்ட் வரை 25 மீட்டர். பந்து எங்கே போனாலும் அந்த 25 மீட்டர் கட்டு மொத்தமாக நகரும். எதிராளிக்குள்ள இடத்தை மைதானம் தராது, நாம்தான் தருகிறோம் என்பது அவர் எண்ணம். ஆளைப் பிடித்து மார்க் பண்ணுவது இத்தாலியில் வழக்கமாக இருந்த காலத்தில், அவர் தன் ஆட்களுக்குப் பார்த்து நிற்க நான்கு குறிகளைக் கொடுத்தார்: பந்து, காலி இடம், எதிராளி, கூட்டாளி. நம்ம பையன்கள் பார்ப்பது பந்தையும் எதிராளியையும்தான். மீதி இரண்டைப் பார்க்கப் பழக்குவதுதான் இந்த ஆறு வார வேலை.

முதலில் அளந்துகொள்ளுங்கள்

அளவு நாடா இல்லையென்றால் காலடி போதும். வளர்ந்த ஆளின் நடைக்கு ஒரு அடி சுமார் முக்கால் மீட்டர். 25 மீட்டர் என்பது 33 காலடி. மைதானத்தின் நீளம், அகலம் இரண்டையும் நடந்து அளந்து எழுதி வையுங்கள். 100 மீட்டர் நீளம் இருந்தால் 25 சரி. பள்ளி மைதானம் 80, 85 மீட்டர்தான் என்றால் 20 மீட்டருக்கு இறுக்க வேண்டும். அங்கே 25 வைத்தால் மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிடும். கட்டு என்று சொல்ல அதில் ஒன்றும் இருக்காது.

ஆட்ட அமைப்பு 4–4–2. வேறு எதையும் இப்போது தொடாதீர்கள். பின்வரிசை நால்வர், பத்துப் பன்னிரண்டு மீட்டர் முன்னால் நடுவரிசை நால்வர், அதே தூரத்தில் முன்னிருவர். ஒரு வரிசைக்குள் ஆளுக்கு ஆள் 8 மீட்டர், அதாவது பத்துப் பதினொரு காலடி. நால்வரும் சேர்ந்து 24 மீட்டர் அகலம்தான் மூடுவார்கள். அறுபது மீட்டர் அகல மைதானத்தில் பாதிக்கு மேல் காலியாகக் கிடக்கும். அதைப் பார்த்ததும் பையன்களுக்குப் பதறும், பெற்றோருக்கு அதைவிடப் பதறும். பந்து இல்லாத பக்கம் காலியாக இருப்பது இந்த முறையின் விலை, தெரிந்தே கொடுக்கிறோம். அந்தப் பக்கத்துக்கு ஒரே உதையில் பந்து போக 40 மீட்டர் பாஸ் வேண்டும். பள்ளி அளவில் அதை ஓடிக்கொண்டே சரியாகப் போடுகிறவன் அபூர்வம். போட்டாலும் பந்து காற்றில் இருக்கும் நேரத்தில் நால்வரும் நகர்ந்துவிடலாம்.

கயிறு

கயிறு மிலானிலிருந்து வந்ததில்லை; வெகு காலமாகப் பல ஊர்களில் பயிற்சியாளர்கள் கையாளுகிற எளிய உத்தி. மூன்று இடைவெளிக்கு 8 மீட்டர் வீதம் ஒரு வரிசைக்கு 24 மீட்டர். இரண்டு வரிசைக்கும் சேர்த்து 50 மீட்டர் வாங்கினால் போதும். பருத்தி நூல் கயிறாகப் பாருங்கள். நைலான் கையை வழித்துவிடும், தேங்காய் நார் குத்தும். எட்டு மீட்டருக்கு ஒரு முடிச்சு. ஒவ்வொருவனும் ஒரு முடிச்சை இடுப்பு உயரத்தில் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இடுப்பில் கட்டக் கூடாது. ஒருவன் தடுக்கினால் நால்வரும் விழுவார்கள். நடை, மெதுவோட்டம் இரண்டுக்கு மட்டும்தான் கயிறு. வேக ஓட்டம் வந்தால் கீழே போட்டுவிட வேண்டும்.

கயிறு சொல்லும் பாடம் எளிது. விறைத்து நின்றால் விலகிவிட்டார்கள். இரண்டு முழத்துக்கு மேல் தரையில் இழுபட்டால் ஒட்டிவிட்டார்கள். தரையைத் தொட்டும் தொடாமலும் தொய்ந்து கிடந்தால் சரி. நாலைந்து நாளில் கயிறு இல்லாமலே அந்தத் தூரம் தோளுக்குத் தெரிய ஆரம்பித்துவிடும்.

பந்து இல்லாமல் பதினொரு பேர்

மைதானத்தின் ஒரு பாதியைச் சுண்ணாம்புப் பொடியால் ஆறு கட்டமாகப் பிரியுங்கள்: குறுக்கே மூன்று, நெடுக்கே இரண்டு. ஒவ்வொன்றுக்கும் எண். எதிரில் ஆள் கிடையாது. நீங்கள் 'மூணு' என்றால் பந்து மூன்றாம் கட்டத்தில் இருப்பதாக நினைத்துப் பதினொரு பேரும் நகர வேண்டும். அடுத்து 'அஞ்சு', அடுத்து 'ஒண்ணு'. சாக்கி செய்ததும் இதேதான்: கற்பனைப் பந்து எங்கே என்று அவர் சொல்வார், அணி நகரும். எதிரணியிலிருந்து வேவு பார்க்க வந்த ஆள், பந்தும் இல்லாமல் எதிராளியும் இல்லாமல் ஆடுகிறார்கள் என்று போய்ச் சொன்னதாக அவரே சிரித்துக்கொண்டு சொல்லும் கதை உண்டு.

எண் சொன்னதும் மூன்று எண்ணுவதற்குள் எல்லோரும் இடத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது எண்ணிக்கையில் விசில். விசிலில் அப்படியே சிலையாக நிற்க வேண்டும். அப்போது நீங்கள் உள்ளே போய்க் காலடி வைத்து அளந்து காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட, இரண்டு ஸ்டாப்பர்களுக்கும் (பின்வரிசையில் நடுவில் நிற்கும் இருவர்) இடையில் நீங்கள் நடந்து 'பதினாறு காலடி வந்திருக்கு, பதினொண்ணுதான் இருக்கணும்' என்று காட்டினால் மண்டையில் ஏறும். பெரும்பாலும் கோட்டை விடுபவன் பந்துக்கு எதிர்ப் பக்கத்து விங். அவனுக்குத் தன் ஓரத்தை விட்டு உள்ளே வர மனசு வராது. அவனை மைதானத்தின் அகலத்தில் நடுப்பகுதி வரைக்கும் வரவழைப்பதுதான் முதல் வாரத்தின் பாதி வேலை.

ஒரு எச்சரிக்கை. பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் இதைச் செய்தால் பையன்கள் வெறுத்துவிடுவார்கள். வான் பாஸ்டனுக்கும் சாக்கிக்கும் ஒத்துப்போகவில்லை என்பது ஊரறிந்த செய்தி. எட்டாம் வகுப்புப் பையனிடம் அதைவிடப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. பன்னிரண்டு நிமிடம், ஒரு குட்டி ஆட்டம், மறுபடி பன்னிரண்டு நிமிடம். ஒரு நாளைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திறந்த பந்து, மூடிய பந்து

முழு முறையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. வாசிக்க நேரமில்லாதவர் இந்தப் பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும்.

பின்வரிசை எப்போது ஏற வேண்டும், எப்போது பின்வாங்க வேண்டும்? நம்ம பக்கத்து ஸ்டாப்பர்கள் ஃபார்வர்டைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அவன் ஓடினால் இவனும் ஓடுகிறான். இத்தாலிய முறையில் பார்ப்பது பந்து வைத்திருப்பவனை. அவன் தலை நிமிர்ந்து, முகம் நம் கோலைப் பார்த்து, ஒரு கை நீளத்துக்குள் நம் ஆள் யாரும் இல்லை என்றால் அது திறந்த பந்து. எந்த நொடியிலும் பின்வரிசைக்கு மேலே தூக்கிப் போடுவான். நால்வரும் பாஸ் வருவதற்கு முன்பே பின்வாங்கத் தொடங்க வேண்டும். அவன் தலை குனிந்திருந்தால், முதுகைக் காட்டி நின்றால், நம் ஆள் அவனை உரசிக்கொண்டிருந்தால் அது மூடிய பந்து. நீளமாகப் போட முடியாது. நால்வரும் ஏறலாம்.

பழக்கும் விதம்: ஒருவனிடம் பந்தைக் கொடுத்து 30 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். அவன் பக்கத்தில் நெருக்க ஒருவன். நால்வர் வரிசை அவர்களைப் பார்த்து நிற்கும். பந்துக்காரன் திரும்புவான், குனிவான், நிமிர்வான், பின்னால் தட்டுவான். பாஸ் மட்டும் போட மாட்டான். ஒவ்வொரு அசைவுக்கும் வரிசை நாலு அடி ஏற வேண்டும் அல்லது நாலு அடி பின்வாங்க வேண்டும். பத்து நிமிடம். இரண்டாம் வாரத்தில் நிஜமாகவே தூக்கிப் போடவிட்டு, ஓட ஒரு ஃபார்வர்டையும் சேருங்கள்.

ஏறுவதற்கு உறுதியான அடையாளங்கள் நான்கு: எதிராளி பின்னால் பாஸ் கொடுப்பது, நாம் நீளமாக உதைத்துத் தள்ளியது, அவன் பந்தை நிறுத்தும்போது அது காலை விட்டுத் துள்ளுவது, அவன் நமக்கு முதுகு காட்டி வாங்குவது. பின்பாஸ் என்றால் பந்து அவன் காலை விட்டுக் கிளம்பி அடுத்தவனை எட்டும் வரை ஏறலாம். எட்டியதும் நின்று பார்க்க வேண்டும். ஓடிக்கொண்டே முடிவெடுத்தால் திரும்பிப் பிடிக்க முடியாது.

கத்தும் சொல்லையும் முன்கூட்டியே தீர்மானியுங்கள். 'ஏறு', 'எறங்கு' என்று வைத்தால் இரைச்சலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கும். இரண்டு பேர் ஏற, இரண்டு பேர் இறங்க, நடுவில் பெருவழி திறந்துவிடும். 'ஏறுலே' ஒன்று, 'பின்ன' ஒன்று. இந்த இரண்டும் காற்றிலும் பிரிந்து கேட்கும். கத்துகிறவன் ஒருவன்தான்: ஸ்டாப்பர்களில் நிதானமானவன். மிலானில் அந்த வேலை ஸ்டாப்பர் பரேசியுடையது. அவர் உயரமான ஆள் இல்லை, அதிவேக ஆளும் இல்லை; முன்கூட்டியே தெரிந்துகொள்கிறவர். உங்கள் அணியிலும் உயரத்தைப் பார்த்து ஸ்டாப்பரை எடுக்காமல், வகுப்பில் கேள்வி முடிவதற்கு முன்பே விடை சொல்லும் பையனை எடுத்துப் பாருங்கள்.

ஐந்துக்குப் பத்து

குலிட்டையும் வான் பாஸ்டனையும் நம்பவைக்க சாக்கி நடத்திய ஆட்டம் இது. ஒரு பக்கம் கோலி கல்லியும் தசோட்டி, கோஸ்டாகுர்ட்டா, பரேசி, மால்டீனியும். எதிர்ப்பக்கம் பத்து பேர். பத்துப் பேருக்கும் பதினைந்து நிமிடம். பந்து பறிபோனால் தங்கள் பாதிக்குள் பத்து மீட்டர் உள்ளே போய் மறுபடி தொடங்க வேண்டும். ஒரு கோல்கூட விழுந்ததில்லை என்பார் சாக்கி.

நீங்கள் கோலியும் நால்வரும், எதிரே எட்டுப் பேர் என்று தொடங்குங்கள். ஆறு நிமிடம் வீதம் மூன்று சுற்று. பின்வரிசைக்கு நேராக, ஓரத்தில், நீங்களே தோளில் கிடக்கும் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு லைன்ஸ்மேனாக நில்லுங்கள். முதல் நாள் ஐந்தாறு கோல் விழும். விழட்டும். ஒவ்வொரு கோலுக்கும் ஆட்டத்தை நிறுத்தி ஒரே கேள்வி: பாஸ் கிளம்பியபோது பந்து திறந்திருந்ததா, மூடியிருந்ததா? நால்வரும் ஒரே விடை சொல்லும் நாளில் கோல் குறைந்திருக்கும்.

ஓரத்தில் வைக்கும் பொறி

எதிராளியின் சைடு பேக்கிடம் (பின்வரிசையின் ஓர ஆள்) பந்து போகவிட்டு அங்கே அடைப்பதுதான் எளிது. ஓரக்கோடு நமக்குக் கூலி கேட்காத ஒரு டிஃபென்டர். நம் விங் அவனை நோக்கி நேராக ஓடாமல், உள்ளேயிருந்து வளைந்து ஓடி, நடு மைதானத்துக்குப் போகும் பாஸை உடம்பால் மறைக்க வேண்டும். பக்கத்து ஃபார்வர்ட் அவனுடைய ஸ்டாப்பருக்குத் திரும்பும் பாஸை அடைப்பான். நம் சைடு பேக், விங்குக்கு எட்டு மீட்டர் பின்னால். பக்கத்து நடு ஆட்டக்காரன் உள்ளே எட்டு மீட்டரில். நாலு பேர் நாலு கதவு. மீதி ஏழு பேரும் அதே பக்கம் சரிந்திருப்பார்கள்.

பிசகுவது பெரும்பாலும் முதல் ஓட்டத்தில். விங் ஆவேசமாகப் போய்க் காலை நீட்டிவிடுவான். எதிராளி ஒரு தட்டுத் தட்டித் தாண்டிவிட்டால் நாலு பேர் செத்த கணக்கு. கடைசி மூன்று அடியில் வேகத்தைக் குறைத்து, குனிந்து, பக்கவாட்டில் நிற்கச் சொல்லுங்கள். பந்தைப் பறிப்பது இரண்டாவது ஆளின் வேலை.

வெயிலுக்கு ஏற்ற மூன்று நெருக்கு

தொண்ணூறு நிமிடமும் விரட்டு விரட்டென்று விரட்டுவதுதான் சாக்கி முறை என்று நினைப்பவர்கள் உண்டு. அவரே மூன்றாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். முழு நெருக்கு பந்தைப் பறிக்க. பாதி நெருக்கு எதிராளியை நாம் விரும்பும் பக்கம் ஒதுக்க. பொய் நெருக்கு, நெருக்குவதுபோல் பாவனை காட்டிக்கொண்டு மூச்சு வாங்க. கட்டு கலையாமல் இருந்தால் பொய்யும் வேலை செய்யும்.

சித்திரை, வைகாசியில் பாளையங்கோட்டையில் நாலு மணி ஆட்டம் என்றால் முழு நெருக்கு பாதிக்கு மூன்று தவணை, தவணைக்கு ஐந்து நிமிடம். தொடங்கியதும் ஒன்று, தண்ணீர் இடைவேளை முடிந்ததும் ஒன்று, பாதி முடியும் முன் ஒன்று. மற்ற நேரம் பாதியும் பொய்யும். 1994 உலகக் கோப்பையில் அமெரிக்க வெயிலில் இத்தாலியைக் கொண்டு இறுதி ஆட்டம் வரை வந்தார் சாக்கி. பாசடேனாவில் நடந்த அந்த ஆட்டம் 12.30 மணி உச்சி வெயிலில் தொடங்கி, கூடுதல் நேரமும் தாண்டி 0–0 என்று முடிந்து, பெனால்டியில் பிரேசிலிடம் போனது. தேர்ந்தவர்களுக்கே அந்த வெயிலில் கால் ஓயும்.

பயிற்சியைக் காலை ஆறுக்குத் தொடங்கி ஏழே காலுக்குள் முடியுங்கள். கால் மணிக்கு ஒருமுறை ஒரு தம்ளர். வியர்த்து ஊற்றும் நாளில் வெறும் தண்ணீர் போதாது: ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்புப் போட்ட மோரும் நீராகாரமும் நல்லதுதான். ஓட்டத்துக்கு அரை மணி முன்னால் குடித்துவிட வேண்டும்.

மண்ணும் காற்றும்

இதை எந்த இத்தாலியரும் நமக்குச் சொல்லித்தர முடியாது. இறுகிய செம்மண் தரையில் பின்வரிசைக்கு மேலே வரும் பந்து துள்ளி ஓடி நம் கோலியிடமே வந்துவிடும். துணிந்து உயரமாக நிற்கலாம். திசையன்விளை, உவரிப் பக்கத்துத் தேரி மண்ணில் அதே பந்து விழுந்த இடத்திலேயே குந்திவிடும். ஓடிவரும் ஃபார்வர்டுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்ததுபோல. அங்கே வரிசை பத்து மீட்டர் பின்னால். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல், மழை பெய்த மறுநாள் பூட்ஸில் அப்பை அப்பையாக ஒட்டும். அன்றைக்குப் பயிற்சியே வேண்டாம்.

ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கம் காற்று பன்னிரண்டாவது ஆட்டக்காரன். எதிராளி காற்றோடு உதைக்கும் பாதியில் வரிசையை ஐந்து முதல் எட்டு மீட்டர் இறக்குங்கள். காற்றை எதிர்த்து உதைக்கும் பாதியில் அவன் தூக்கிய பந்து அந்தரத்தில் நின்று நடுவரிசை முன்னாலேயே விழும்; நடுக்கோடு வரை ஏறி நில்லுங்கள். டாஸ் ஜெயித்தால் முதல் பாதியில் காற்றை முதுகில் வாங்குங்கள். பொழுது சாயக் காற்று தணிந்துவிடலாம். இருக்கும்போதே எடுத்துக்கொள்வது மேல்.

கோலி

கோல் தூணுக்கு நடுவில் நின்றே பழகிய கோலி இந்த முறையைக் கவிழ்த்துவிடுவான். பின்வரிசை நடுக்கோட்டருகே இருந்தால் அவன் பெனால்டி கட்டத்தின் விளிம்பில், 16 மீட்டரில் நிற்க வேண்டும். கையைவிடக் காலுக்கு வேலை அதிகம். தினம் பதினைந்து உதை, இரண்டு காலாலும், ஓடிவந்து வெளியே அடிக்கப் பழக்குங்கள். கட்டத்துக்கு வெளியே கை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1994 உலகக் கோப்பையில் நார்வேயோடு ஆடிய ஆட்டம் சாட்சி: இத்தாலிக் கோலி பாலியூக்கா சிவப்பு அட்டை வாங்கினார், மாற்றுக் கோலிக்கு இடம் கொடுக்க சாக்கி வெளியே எடுத்தது நட்சத்திர ஃபார்வர்ட் ராபர்ட்டோ பாஜியோவை.

ஆஃப்சைடை நம்பி வாழாதீர்கள்

பாஸ் கிளம்பும்போது நம் பின்வரிசையைத் தாண்டி நிற்கும் ஃபார்வர்ட் ஆடக் கூடாது என்பதுதான் ஆஃப்சைட். சாக்கி மிலானுக்கு வந்தபின் அந்த விதி ஃபார்வர்டின் பக்கம் சாய்ந்துவிட்டது. 1990-இலிருந்து கடைசி டிஃபென்டருக்குச் சமமாக நின்றால் ஆஃப்சைட் இல்லை. ஆட்டத்தில் தலையிடாமல் ஆஃப்சைட் இடத்தில் சும்மா நிற்பவனுக்கு விசில் ஊதுவதும் இல்லை. கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நால்வர் இப்போது வெறும் பார்வையாளர்கள். தவிர, ஊர்ப் போட்டியில் கொடி பிடிப்பவர் பின்வரிசைக்கு நேராக ஓடிவருவார் என்று எண்ணி ஒரு திட்டமும் போடக் கூடாது. வரிசை உயர்வது இடத்தைச் சுருக்க. ஆஃப்சைட் கிடைத்தால் அது கொசுறு. ஆளுக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் போட்டி என்றால் ஆஃப்சைட் உண்டா என்று பெயர் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கட்டு இருக்கட்டும், உயர வரிசை வேண்டாம். ஒருவனைக் கடைசியில் காவலுக்கு விட்டுவிடுங்கள்.

பந்து நம் காலுக்கு வந்தபின் சாக்கி கேட்டது கொஞ்சம்தான்: பந்துக்கு முன்னால் எப்போதும் ஐந்து பேர், இடது ஓரத்தில் ஒருவன், வலது ஓரத்தில் ஒருவன். அது யார் என்பது முக்கியமில்லை. பறித்த இடம் எதிராளி கோலுக்குப் பக்கம் என்பதால் மூன்று, நான்கு பாஸில் முடிக்கப் பாருங்கள்.

ஆறு வாரக் கணக்கு

வாரம் நாலு நாள், நாளைக்கு 75 நிமிடம். முதல் வாரம் கயிறும் கட்டமும். இரண்டாம் வாரம் கயிறைக் குறைத்து, திறந்த பந்து மூடிய பந்து. மூன்றாம் வாரம் ஐந்துக்கு எட்டு. நான்காம் வாரம் அதையே பத்தாக்கி, ஓரப் பொறியைச் சேர்ப்பது. ஐந்தாம் வாரம் முழு ஆட்டத்தில் மூன்று நெருக்கையும் நீங்கள் ஓரத்திலிருந்து மாற்றிச் சொல்லிப் பழக்குவது. ஆறாம் வாரம் பக்கத்து ஊர் அணியோடு இரண்டு நட்பு ஆட்டம். மூன்றாம் வாரத்தில் அணி முன்பைவிட மோசமாகத் தெரியும். பழைய மார்க் பண்ணும் பழக்கம் போய், புதியது இன்னும் உட்காராத நேரம் அது; அந்த வாரம் போட்டிக்குப் பெயர் கொடுக்க வேண்டாம்.

ஆட்டத்தன்று மைதானத்துக்கு அரை மணி முன்னால் போங்கள். ஸ்டாப்பரையும் கோலியையும் கூட்டிக்கொண்டு மூன்று பேருமாக நீளத்தை நடந்து அளங்கள். ஒரு பிடி மண்ணைத் தோள் உயரத்திலிருந்து விட்டுக் காற்றைப் பாருங்கள். பந்தை நடுக்கோட்டிலிருந்து தூக்கி உதைத்து, விழுந்தபின் எத்தனை காலடி ஓடுகிறது என்று எண்ணுங்கள். இருபதைத் தாண்டினால் நடுக்கோடு வரை ஏறலாம். பத்துக்குள் நின்றுவிட்டால் வரிசை நம் பாதியின் நடுவில். அதை அப்போதே ஸ்டாப்பரிடம் சொல்லி, அந்த இடத்துக்கு நேராக ஓரக்கோட்டுக்கு வெளியே ஒரு தண்ணீர்க் குடத்தை வைத்துவிடுங்கள். ஆட்டம் சூடானபின் அவன் திரும்பிப் பார்த்தால் குடம் தெரியும்.